ஸ்காபரோச் சிறுவன் ஒருவனின் மூன்றாம் குளிர்காலம்: நிகழ்வு ஆய்வு

ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. குளிர்காலத்தில் வந்து வசந்தத்தில் போகும் பருவகால மனச்சோர்வு பற்றிய இந்தக் குறிப்பு, புலம்பெயர்ந்த குடும்பங்களோடு வேலை செய்வோருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் எழுதப்படுகிறது.

பின்னணி

2018 டிசம்பர் தொடக்கத்தில் குடும்பங்களுக்கு உதவும் எமது நிலையத்துக்கு ஒரு தாயார் வந்தார். வாடகை உதவிப் படிவம் ஒன்றை நிரப்புவதற்காக வந்தவர். வேலை முடிந்த பிறகும் கதிரையை விட்டு எழும்பாமல், "அக்கா, மகனைப் பற்றி ஒரு விசயம் கேக்கலாமோ?" என்றார்.

மகனுக்கு அப்போது வயது 12, ஏழாம் வகுப்பு. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவன். தகப்பன் முன்னரே கனடா வந்துவிட்டார். தாயும் இவனும் தங்கையும் 2016 கோடையில் வந்து சேர்ந்தார்கள். ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவின் மால்வேர்ன் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மன்டில் (நிலக்கீழ்த் தளத்தில்) இரண்டு அறைகள். தாயாருக்கு உணவுப் பொதி செய்யும் தொழிற்சாலையில் காலை வேலை, ஐந்தரைக்கு வீட்டை விட்டு இறங்கிவிடுவார். தகப்பனுக்கு மார்க்கம் நகரில் ஒரு கிடங்கில் மாலை வேலை, வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும். காலையில் தங்கையை எழுப்பி, சாப்பிட வைத்து, பாடசாலைக்குக் கூட்டிப் போவது இவன் பொறுப்பு. தகப்பன் அந்த நேரம் உள்ளறையில் நித்திரையில் இருப்பார்.

தாயாரின் முறைப்பாடு இதுதான்: "எழும்பிறானில்லை. எல்லாத்துக்கும் பஞ்சி. ஒண்டு சொன்னா பாய்ஞ்சு விழுறான். ஊரில இப்பிடி இல்லை." தங்கைக்கு எந்தக் குறையும் இல்லை. அவள் பனியில் புரண்டு விளையாடுகிறாள். குளிர்காலம் காரணமாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். ஒரே வீட்டில், ஒரே குளிரில் ஒரு பிள்ளை நன்றாக இருக்கும்போது மற்றவனுக்கு மட்டும் காலநிலை எப்படிக் காரணமாகும் என்று பெற்றோர் கேட்டது நியாயமான கேள்வி. அண்ணன் தம்பி இருவரில் ஒருவனுக்கு மட்டும் இழுப்பு (ஆஸ்துமா) வருவதில்லையா என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் அவர்களுக்கு உடனே திருப்தி தரவில்லை.

முதலில் தெரிந்தவை

பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு வகுப்பாசிரியருடன் கதைத்தேன். முதல் பாட வேளையில் மேசையில் தலை சாய்த்து விடுகிறான், மதியத்துக்குப் பிறகு ஓரளவு தெளிகிறான் என்றார். செப்டெம்பரில் கையுயர்த்திப் பதில் சொன்ன பிள்ளை நவம்பரில் பின் வரிசைக்குத் தானாகவே மாறிவிட்டானாம். பிந்தி வருவதற்குத் தண்டனையாக மதிய இடைவேளையில் வகுப்புக்குள்ளேயே இருக்க வைத்திருக்கிறார்கள். அதை அவன் எதிர்க்கவில்லை. வெளியே போகாமல் இருக்க அவனுக்கு அது ஒரு வசதி.

வீட்டில் தாயார் கவனித்தவை வேறு. கட்டிலுக்குக் கீழே நூடுல்ஸ் பைக்கற்றுகளும் பாண் துண்டுகளும். பாடசாலை விட்டு வந்ததும் நித்திரை, ஆறு மணிக்கு எழும்பினால் பசி, பிறகு நள்ளிரவு தாண்டியும் ரப்லெட் (கைக் கணினி). சனிக்கிழமை மிருதங்க வகுப்பை நிறுத்திவிட்டான். "கால் பாரமாக் கிடக்கு" என்று அடிக்கடி சொல்கிறான். தாயார் இரவில் சித்தாலேப பூசித் தேய்த்து விடுகிறார். விளையாடாத பிள்ளைக்குக் கால் எப்படி நோகும் என்று தகப்பன் ஏசுகிறார்.

கால் பாரமாக இருப்பதை நான் தனியாகக் குறித்துக்கொண்டேன். வழக்கமான மனச்சோர்வில் நித்திரையும் பசியும் குறைவதே அதிகம். குளிர்கால வகையில் பெரும்பாலும் நேரெதிர்: கூடிய நித்திரை, மாப்பொருளில் ஆசை, எடை ஏறுதல், கை காலில் ஈயம் கட்டியது போன்ற பாரம். பிள்ளைகளிடம் கவலை முகத்தைவிட எரிச்சலே முன்னுக்கு வரும். அதனால்தான் வீட்டில் அது ஒழுக்கப் பிரச்சினையாகவும் பாடசாலையில் கவனக்குறைவாகவும் பதிவாகிறது.

பையனைத் தனியாகச் சந்தித்தபோது அதிகம் கதைக்கவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதற்கு, "ஹலோவீனுக்குப் பிறகு, அன்ரி" என்றான், அதாவது ஒக்டோபர் கடைசிக்குப் பிறகு. போன வருடமும் அப்படியா என்றேன். தோளைக் குலுக்கி, "எல்லா வருசமும்" என்றான்.

ரிப்போர்ட் கார்டுகள்

அடுத்த சந்திப்புக்கு வரும்போது கனடா வந்த நாளிலிருந்து கிடைத்த எல்லா ரிப்போர்ட் கார்டுகளையும் கொண்டுவரச் சொன்னேன். ஒன்ராறியோவில் இலையுதிர் காலத்தில் ஒரு முன்னேற்ற அறிக்கை, பிப்ரவரியளவில் முதல் தவணை அறிக்கை, ஜூனில் இரண்டாம் தவணை அறிக்கை வரும். ஒவ்வொன்றிலும் வராத நாட்களும் பிந்தி வந்த தடவைகளும் அச்சிடப்பட்டிருக்கும். பெற்றோர் புள்ளியைப் பார்க்கிறார்கள், இந்தக் கட்டத்தைப் பார்ப்பதில்லை.

மேசையில் வரிசையாக வைத்தோம். 2017 பிப்ரவரியில் பிந்திய வரவு இரட்டை இலக்கம். மார்ச்சுக்குப் பிறகு சரிந்து, ஜூன் அறிக்கையில் அதில் சிறு பங்குதான். 2018இல் அதே ஏற்றம், அதே இறக்கம். ஆசிரியர் குறிப்புகளும் அப்படியே: பிப்ரவரியில் "வேலையை முடிப்பதில்லை", ஜூனில் "குழுவில் உற்சாகமாகப் பங்கெடுக்கிறான்". எழுதியவர்கள் இரண்டு வேறு ஆசிரியர்கள்.

முதல் குளிர்காலத்தைப் புது நாடு, புது மொழி என்று எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். இரண்டாவதற்கு ரப்லெட்டைக் குற்றம் சொன்னார்கள். இரண்டு விளக்கங்களும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் ஊர் நினைவு மே மாதத்தில் ஒரேயடியாக மறைந்து நவம்பரில் திரும்பி வருவதில்லை. ரப்லெட் கோடையிலும் அதே வீட்டில்தான் இருந்தது. தகப்பன் அந்தக் கடதாசிகளை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இது விளையாட்டில்லை" என்றார். அதுவரை ஏற்காதவர் அந்த இடத்தில்தான் இறங்கி வந்தார்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசமே உண்டு. ரொறன்ரோவில் அது ஆறரை மணி நேரம். டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணிக்கும் குறைவு, சூரியன் உதிக்க ஏழே முக்கால் தாண்டும். மாரி இருட்டைத் தவிர வேறு இருட்டுக் காணாத உடம்புக்கு இது பெரிய மாற்றம். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் இந்தச் சோர்வு வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குடியேற்றம் மட்டும் காரணமல்ல.

வேறு காரணங்களை விலக்குதல்

குடும்ப வைத்தியர் தமிழர், நிலைமையை விரைவாகப் புரிந்துகொண்டார். இரத்தச் சோகை, இரும்புச்சத்து, தைரொயிட், விட்டமின் டி ஆகியவற்றுக்குச் சோதனை எழுதினார். விட்டமின் டி மட்டும் குறைவாக இருந்தது. கறுத்த தோலுக்கு, மூடிய உடைக்குள், இந்த வெயிலில் அது வியப்பல்ல. துளி மருந்து கொடுத்தார். அது குறைபாட்டுக்கான மருந்து, மனச்சோர்வுக்கானதல்ல என்பதைத் தாயாரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு போத்தலில் காரியம் முடிந்துவிடும் என்ற நிம்மதியை அவர் விட விரும்பவில்லை.

வகுப்பில் யாராவது துன்புறுத்துகிறார்களா என்றும் விசாரித்தோம். ஒரு சின்னக் கேலி இருந்தது. அவனிடம் ஸ்னோ பான்ட்ஸ் (பனியில் நனையாத காற்சட்டை) இல்லை, ஜீன்ஸோடு வெளியே போய் நனைந்து வந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவன் இடைவேளைக்கு வெளியே போகாததன் ஒரு காரணம் அது. இந்தத் தகவல் பின்னால் மிகவும் பயன்பட்டது.

குடும்ப வைத்தியர் பிள்ளைகள் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஆங்கிலம். முந்திய வைத்தியச் சந்திப்பு ஒன்றில் தாயார் சொன்னதை மகனே மொழிபெயர்த்திருக்கிறான், தன்னைச் சோம்பேறி என்று அம்மா சொன்னதையும் சேர்த்து. இந்த முறை மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஒழுங்கு செய்தோம். ஒரு பிள்ளை தன் நோயைப் பற்றிய பேச்சுக்குத் தானே மொழிபெயர்ப்பாளனாக இருக்கக் கூடாது.

அங்கே பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சாகும் எண்ணம் வருவதுண்டா என்று நேராகவே கேட்டார்கள். "காலமை எழும்பாமலே விட்டா நல்லம் எண்டு சில நாள் நினைப்பன்" என்றான். அதற்கு மேல் திட்டம், முயற்சி எதுவும் இல்லை. ஆனாலும் வீட்டிலுள்ள மருந்துகளைப் பூட்டி வைக்கச் சொன்னார்கள். யாரிடம் முதலில் சொல்வாய், யார் இல்லாவிட்டால் அடுத்தது யார் என்று அவன் கையாலேயே எழுத வைத்தார்கள். பிள்ளைகளுக்கான கிட்ஸ் ஹெல்ப் போன் எண்ணும் அந்தத் தாளில் இருந்தது. கனடா முழுவதற்குமான 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் 2023 நவம்பரில்தான் வந்தது. இப்போது அதையும் சேர்த்துக் கொடுக்கிறோம். இப்படிக் கேட்டால் பிள்ளைக்கு அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் நம் பெற்றோரிடம் அதிகம். கேட்ட பிறகு அவன் முகம் இளகியதைத்தான் நான் பார்த்தேன்.

முடிவு: பருவகால மனச்சோர்வு, நடுத்தர நிலை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இந்த ஒழுங்கு இருக்க வேண்டும் என்பது நோய் நிர்ணய விதி. அந்த ரிப்போர்ட் கார்டுகள் இங்கே சான்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டன.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

மாத்திரை உடனே வேண்டாம், ஆறு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றார் மனநல வைத்தியர். ஒளி சிகிச்சையும் பேச்சு சிகிச்சையும் முதலில்.

ஒளி சிகிச்சை புதியதல்ல. மனநல ஆய்வாளர் நோர்மன் ரோசென்தாலும் அவரோடு வேலை செய்தவர்களும் 1984இல் இந்த நோயை விவரித்தபோதே ஒளியைச் சிகிச்சையாகப் பயன்படுத்தியிருந்தார்கள். வழக்கமான அளவு 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), காலையில் அரை மணி நேரம். விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, கண் திறந்திருக்க, முகத்தில் ஒளி பட்டால் போதும். காலையில் என்பதுதான் முக்கியம். குளிர்காலத்தில் உடம்பின் கடிகாரம் பின்தள்ளிப் போகிறது, ஏழு மணிக்கு எழுப்பும்போது உடம்புக்கு இன்னும் நடுச்சாமம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். பெற்றோர் மாலை ஐந்து மணி இருட்டைத்தான் குற்றம் சொல்வார்கள். இரவில் விளக்கைப் போட்டால் நித்திரை இன்னும் பின்தள்ளும்.

வாங்குவதற்கு முன் மூன்று விடயங்கள் பார்க்கப்பட்டன. கண் பரிசோதனை: இந்த வயதில் அதற்கு அரச காப்பீடு உண்டு. குடும்பத்தில் யாருக்காவது இருமுனைக் கோளாறு (சோர்வும் அளவு மீறிய எழுச்சியும் மாறி மாறி வரும் நோய்) இருக்கிறதா: ஒளி சிலரை அளவுக்கு மீறிய எழுச்சிக்குத் தள்ளக்கூடும், இங்கே இல்லை. மூன்றாவது, பையன் அதன் முன் இருப்பானா என்பது. ரொறன்ரோ பொது நூலகம் 2017இல் பரீட்சார்த்தமாக இரண்டு கிளைகளில் இத்தகைய விளக்குகளை வைத்தது, அதில் ஒன்று மால்வேர்ன். நூலகம் திறக்கும் நேரம் பாடசாலைப் பிள்ளைக்கு உதவாது. ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலை கூட்டிப் போய் இருத்திப் பார்க்க அது போதும். படக்கதை வாசித்தபடி இருந்தான். அரச காப்பீடு விளக்குக்குப் பணம் தராது என்பதால், பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

விளக்கு வாங்குவது எளிது. காலை ஏழு மணிக்குப் பிள்ளையை அதன் முன் இருத்த ஒரு பெரிய ஆள் வேண்டும். இந்த வீட்டில் அந்த நேரம் இருப்பவர் தகப்பன் மட்டும், அவரும் நித்திரைக்குப் போய் ஆறு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவரிடம் கேட்பதற்கு எனக்குத் தயக்கம் இருந்தது. இரவு பதினொன்றுக்கு வந்து மகனோடு சாப்பிடுவதுதான் அவருக்கு நாளில் கிடைக்கும் ஒரே நேரம், பையன் நித்திரை கொள்ளாமல் காத்திருப்பதும் அதற்காகத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. இரவுச் சாப்பாட்டை அப்படியே வெட்டினால் இருவருமே இழப்பார்கள். அதைக் காலைக்கு மாற்றலாமா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி தங்கச்சி, ஏழு மணிக்கு எழும்பிறன். அவன் பாடசாலைக்குப் போன பிறகு திரும்பப் படுக்கிறன்" என்றார்.

பாடசாலையிடம் கேட்டது ஒன்றே: தண்டனைக்காக மதிய இடைவேளையைப் பறிக்க வேண்டாம். வகுப்பறையில் பொதுவாக 300 முதல் 500 லக்ஸ். மேகம் மூடிய குளிர்கால மதியத்தில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். வீட்டு மேசையில் என் போன் செயலி நூறைக்கூடக் காட்டவில்லை. செயலி துல்லியமானதல்ல, ஆனாலும் அந்த இடைவெளி பொய்யல்ல. நாள் முழுவதிலும் அவனுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பகல் வெளிச்சம் அந்த இடைவேளைதான், அதையே தண்டனையாக எடுத்திருந்தார்கள். ஆசிரியர் உடனே மாற்றினார், இருக்கையையும் யன்னலோரம் கொண்டுவந்தார். பாவித்த ஸ்னோ பான்ட்ஸும் சப்பாத்தும் நிலையத்திலிருந்து கிடைத்தன.

பாடசாலைக்குக் கொடுத்த கடிதத்தில் "காலை நேர உடல்நலக் காரணம்" என்று மட்டும் எழுதினோம். விசர் என்று சனம் கதைக்கும் என்பது தாயாரின் பயம். அந்தப் பயத்தோடு வாதாட அது நேரமல்ல.

தைப்பொங்கலுக்கு ஊருக்கு அனுப்பினால் என்ன என்று உறவினர் சொன்னார்கள். வெயிலில் இரண்டு கிழமை நின்றால் முகம் மலரத்தான் செய்யும். திரும்பி வந்து இறங்குவது பிப்ரவரியில். அந்தச் செலவில் விளக்கும் உடுப்பும் போக மிச்சமும் இருக்கும் என்று சொன்னேன், விட்டுவிட்டார்கள்.

2019 ஜனவரி முதல் மே வரை

முதல் சில நாட்கள் தலையிடி. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கால் மணி நேரத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டச் சொன்னார் வைத்தியர். தலையிடி நின்றது.

அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு யாரும் திட்டம் போடவில்லை. தகப்பன் கடதாசிக் கட்டை எடுத்துவந்து 304 என்ற சீட்டாட்டத்தைப் பழக்கத் தொடங்கினார். நாலு பேர் விளையாட்டு, இருப்பது இரண்டு பேர். நாலு கையையும் விரித்துப் போட்டு, இந்தக் கைக்கு நீ எவ்வளவு கேட்பாய், ஏன் என்று மகனிடம் கேட்பாராம். விடியக் காலமை பாடசாலைப் பிள்ளைக்குக் கடதாசி பழக்குகிறார் என்று தாயார் எனக்குப் போன் எடுத்து முறையிட்டார். நான் அவர் பக்கம் சேரவில்லை. படிப்புப் புத்தகம் வைத்திருந்தால் ஒரு கிழமையில் அந்த மேசை மீண்டும் சண்டைக்களமாகியிருக்கும்.

ஜனவரிக் கடைசியில் பெரும் பனி கொட்டியது. நடைபாதையில் வெட்டிய பனியை ஒதுக்கியபோது பேஸ்மன்டின் ஒரேயொரு யன்னல் மூடிப்போனது. மூன்று நாள் கழித்துத்தான் யாரோ கவனித்தார்கள். அதன் பிறகு யன்னலைத் தோண்டி விடுவது பையனின் வேலையானது, அதற்காக வெளியே போவதும் கூடவே.

விளக்குத் தொடங்கி மூன்றாம் கிழமையளவில் இரவில் முன்னதாக நித்திரை வரத் தொடங்கியது. பாடசாலை விட்டு வந்து படுப்பது குறைந்தது. நூடுல்ஸ் குறைந்ததைத் தாயார் கவனித்தார். எரிச்சல் கடைசியாகத்தான் போனது, தங்கையோடு சண்டை மார்ச் வரை நீண்டது. சனி, ஞாயிறுகளில் பன்னிரண்டு மணி வரை படுத்துவிட்டால் திங்கள், செவ்வாய் இரண்டும் கெட்டன. விடுமுறையிலும் அதே நேரம் எழும்ப வேண்டும் என்பதில் வைத்தியர் கடுமையாக இருந்தார்.

பாடசாலை சமூகப் பணியாளருடன் கிழமைக்கொரு சந்திப்பு நடந்தது. மனம் வந்த பிறகு செய்வதல்ல, சிறிதாகச் செய்யத் தொடங்கினால் மனம் பின்னால் வரும் என்பதே அதன் அடிப்படை. மிருதங்க வகுப்புக்குப் போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டு வரலாம், வாசிக்கத் தேவையில்லை என்று தொடங்கினார்கள். ஏப்ரலில் முழு வகுப்பும் இருந்தான்.

மாத்திரை தேவைப்படவில்லை. பிப்ரவரி அறிக்கையில் புள்ளிகள் உயரவுமில்லை. அந்தத் தவணையின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது என்று விளக்கியும் தாயார் மனம் உடைந்தார். ஏப்ரல் கடைசியில் விளக்கு நிறுத்தப்பட்டது. மேயில் அவன் எந்த விளக்கும் இல்லாமலே நன்றாக இருப்பான் என்பது தெரிந்ததுதான், ஆகவே அதைச் சிகிச்சையின் வெற்றியாக நான் எண்ணவில்லை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பிந்திய வரவு முந்திய ஆண்டுகளில் பாதிக்கும் குறைவாக இருந்ததைத்தான் எண்ணுகிறேன்.

அடுத்த இரண்டு குளிர்காலங்கள்

2019 ஒக்டோபர் முதல் கிழமை, எந்த அறிகுறியும் இல்லாதபோதே விளக்கு எடுக்கப்பட்டது. அந்தக் குளிர்காலம் ஓரளவு சுமுகம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன, ஆனால் வசந்தம் அருகில் இருந்ததால் பெரிய சரிவு இல்லை.

அடுத்தது கடினம். 2021 ஜனவரியில் தொடங்கி பிப்ரவரி நடுப்பகுதி வரை ரொறன்ரோவில் வகுப்புகள் இணையத்தில். பேஸ்மன்டில், கமரா அணைத்து, கட்டிலில் இருந்தபடியே பாடம். தகப்பனின் வேலை நேரமும் மாறியிருந்தது. காலை விளக்கு தவறியது, மதிய வெளிச்சமும் இல்லை. இரண்டு கிழமைக்குள் "கால் பாரம்" திரும்பியது. இந்த முறை அதை முதலில் சொன்னவன் அவன். மனநலப் பிரிவில் அவன் எழுதிய தாளில் இருந்தபடி தகப்பனிடம் சொன்னான், அடுத்த நாளே வைத்தியருக்குப் போன் போனது. மதியம் தங்கையோடு அரை மணி நேரம் வெளியே நடப்பது என்று வீட்டிலேயே இடைவேளை ஒன்று வைத்தார்கள். முழுதாகச் சரிவரவில்லை, ஆனால் பிடிமானம் இருந்தது.

இனி வேறு ஒழுங்கில்

இந்த வரிசையில் செலவில்லாதவை பின்னால் வந்தன. இடைவேளை, யன்னலோர இருக்கை, ஸ்னோ பான்ட்ஸ் மூன்றும் வைத்தியரின் முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லாதவை. பாடசாலையோடு கதைக்கும் முதல் நாளே கேட்டு வாங்கலாம். தகப்பனையும் அப்படியே: தாயார் மட்டும் வந்தாலும், வீட்டில் காலை ஏழு மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்கிறோம்.

பிள்ளை சோம்பேறியாகிவிட்டான் என்று ஒரு பெற்றோர் சொன்னால், எந்த மாதத்திலிருந்து, போன வருடம் இதே நேரம் எப்படி, ஜூனில் எப்படி என்ற மூன்று கேள்விகளும் இப்போது எமது பதிவுப் படிவத்தில் உள்ளன. ரிப்போர்ட் கார்டுகளைக் கொண்டுவரச் சொல்வதும் அதில் உண்டு. இரண்டு ஆண்டு ஒழுங்கு இன்னும் தெரியாத, புதிதாக வந்த பிள்ளைக்கு இந்த நோயின் பெயரைச் சூட்ட முடியாது. ஆனால் வெளிச்சத்துக்கும் காலை ஒழுங்குக்கும் நோயின் பெயர் தேவையில்லை. சாகும் எண்ணம், சாப்பாட்டை அறவே மறுத்தல், பாடசாலைக்கு முற்றாகப் போகாமை இருந்தால் மட்டும் இந்த ஒழுங்கு எதற்கும் காத்திருக்காமல் அன்றே வைத்தியரிடம் அனுப்புகிறோம்.